ஸ்டுடியோவில் நெட்வொர்க் கேபிள்: ஒலி போகும் வழியும் கெடும் இடமும்

மைக்குக்கு ஒரு கேபிள், ஹெட்ஃபோனுக்கு ஒரு கேபிள், ஸ்பீக்கருக்கு ஒரு கேபிள் என்று இருந்தவரை ஸ்டுடியோ வயரிங்கில் மர்மம் ஒன்றும் கிடையாது. எதில் சத்தம் வரவில்லையோ அதைப் பிடுங்கிவிட்டு வேறொன்றைச் செருகிப் பார்க்கலாம். அப்போதும் வரவில்லை என்றால் கோளாறு கேபிளில் இல்லை. இப்போது சுவரோரம் ஒரே ஒரு நெட்வொர்க் கேபிள் ஓடுகிறது, அதற்குள் அறுபது எழுபது சேனல் போவதும் வருவதுமாக இருக்கின்றன, அதில் ஒன்று மட்டும் வரவில்லை என்றால் எதைப் பிடுங்குவது? இணைப்பது சுலபமாகிவிட்டது, கோளாறு மட்டும் வீடு மாறிவிட்டது. முன்பு சாலிடரிலும் பிளக்கிலும் இருந்தது இப்போது கிளாக்கிலும் (பெட்டிகளின் வேகத்தைத் தீர்மானிக்கும் கடிகாரம்), நெட்வொர்க் கேபிள்கள் வந்து சேரும் ஸ்விட்ச் என்ற பெட்டியின் செட்டிங்கிலும் குடியிருக்கிறது. இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தாலே எத்தனை சேனல், எந்தக் கேபிள் என்பதிலேயே பேச்சு நின்றுவிடுவதைப் பார்க்கிறேன். சேனல் எண்ணிக்கை இதில் எப்போதோ தீர்ந்துபோன பிரச்சினை. கஷ்டம் முழுக்க நேரத்தில்தான் இருக்கிறது.

அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கேட்-5இ அல்லது கேட்-6 கேபிளில் ஆடியோ போகிறது என்பதாலேயே அது நெட்வொர்க்கில் போகிறது என்று ஆகிவிடாது. அந்தக் கேபிளுக்குள் இருப்பது நான்கு ஜோடி முறுக்கிய செம்புக் கம்பிகள், அவ்வளவுதான். ஒரு ஜோடிக்கு ஒரு பேலன்ஸ்டு அனலாக் சிக்னல் என்று நான்கு மைக்கை அதில் அனுப்பலாம், அதற்கென்றே பிரேக்அவுட் பெட்டிகள் விற்கிறார்கள். ஏஇஎஸ்3 டிஜிட்டல் சிக்னலையும் அனுப்பலாம். அது கேட்பது 110 ஓம், இந்தக் கேபிள் 100 ஓம், அந்த வித்தியாசம் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை. ஏஇஎஸ்50 என்று இன்னொன்று உண்டு, சில பிரபல டிஜிட்டல் மிக்ஸர்களும் அவற்றின் ஸ்டேஜ் பாக்ஸ்களும் (மைக்குகளைச் செருகும் பெட்டிகள்) பேசிக்கொள்வது அதில்தான்: இரண்டு ஜோடியில் ஆடியோ, மீதி இரண்டு ஜோடியில் கிளாக், 48 கிலோஹெர்ட்ஸில் இரு திசையிலும் 48 சேனல். மிக்ஸருக்கும் பெட்டிக்கும் நேரடியாக ஒரே கேபிள், நடுவில் எதுவும் கூடாது. இந்த மூன்றுமே ஆர்ஜே-45 பிளக்கில் வரும், மூன்றையுமே நெட்வொர்க் ஸ்விட்சில் செருகக் கூடாது. அதிலும் அனலாக் கேபிளில் மைக்குக்கான 48 வோல்ட் ஃபான்டம் மின்சாரம் போய்க்கொண்டிருக்கும்போது அதை ஸ்விட்சில் செருகிவிட்டு நல்லது நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஸ்டுடியோவில் இப்படிப்பட்ட கேபிள்கள் கலந்து கிடந்தால் வேறு வேறு நிறத்தில் வாங்கிவிடுவதே நிம்மதி.

சரி, உண்மையான நெட்வொர்க் ஆடியோ எங்கிருந்து வந்தது? 1985-ல் வந்த ஏஇஎஸ்3 ஒரு கேபிளில் இரண்டு சேனலை டிஜிட்டலாகக் கொண்டுபோனது. 1991-ல் மேடி தரமானது. ஒரு கோஆக்சியல் கேபிளில் 56 சேனல், பிற்பாடு 64. மேடி இன்றைக்கும் பல இடங்களில் ஓடுகிறது, அதில் குறை சொல்ல அதிகம் இல்லை, ஆனால் அது ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்குப் போகும் குழாய் மாதிரிதான். மூன்றாவது அறைக்கும் வேண்டும் என்றால் நடுவில் தனியாக ஒரு ரூட்டர் பெட்டி வாங்க வேண்டும். அலுவலகக் கம்ப்யூட்டர்களை இணைக்கும் அதே ஈதர்நெட்டில் ஆடியோவை அனுப்பினால் என்ன என்று 1990-களின் நடுவில் பீக் ஆடியோ என்ற அமெரிக்க நிறுவனம் கோப்ராநெட்டைக் கொண்டுவந்தது. 100 மெகாபிட்டில் ஒவ்வொரு திசையிலும் 64 சேனல், தாமதம் 5.33 மில்லிசெகண்ட். அரங்குகளுக்கும் விமான நிலைய அறிவிப்புக்கும் அது போதும், பாடுகிறவர் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு தன் குரலையே கேட்கிற ஸ்டுடியோவுக்கு அது கொஞ்சம் அதிகம். அப்புறம் 2003-ல் வானொலி நிலையங்களுக்காக லைவ்வயர் வந்தது, சிட்னியில் 2006-ல் தொடங்கிய ஆடினேட் நிறுவனத்திடமிருந்து டான்டே வந்தது, 2010-ல் மியூனிக்கிலிருந்து ரவென்னா வந்தது, தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஐட்ரிபிள்ஈ அமைப்பின் தரப்பிலிருந்து ஏவிபி வந்தது. எல்லாமே நல்லவைதான், ஒன்றுக்கொன்று பேசாததுதான் பிரச்சினை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், இது சின்னது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் என்றால் ஒரு சேனலுக்கு நொடிக்கு 11,52,000 பிட், அதாவது 1.152 மெகாபிட். ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட், அதாவது நெட்வொர்க்கில் போகும் ஒரு பொட்டலம், என்று வைத்துக்கொண்டால் அதற்குள் 48 சாம்பிள் (ஒலியின் அளவீடுகள்), 144 பைட். இதற்கு மேலே முகவரி, தலைப்பு, பாக்கெட்டுகளுக்கு நடுவே விட வேண்டிய இடைவெளி எல்லாம் சேர்த்தால் இன்னொரு 78 பைட் ஆகிறது. ஒரே சேனலைத் தனியாக அனுப்பினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இப்படி உறைக்கே போய்விடும். எட்டு சேனலை ஒரே பாக்கெட்டில் போட்டால் அந்தச் செலவு ஆறு சதவீதத்துக்கு இறங்கிவிடும், மொத்தம் 10 மெகாபிட்டுக்குச் சற்றுக் குறைவு. சேனல்களை நான்கு நான்காகவோ எட்டு எட்டாகவோ கட்டி அனுப்புவது இதனால்தான். ஒரு கிகாபிட் கேபிளில் காகிதக் கணக்குப்படி எண்ணூறு சேனல் அடங்கும், நிஜத்தில் டான்டே 512-ஓடு நிறுத்திக்கொள்கிறது. எந்தச் சாதாரண ஸ்டுடியோவும் இதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தொடப்போவதில்லை.

இனி நேரம். ஒவ்வொரு டிஜிட்டல் பெட்டிக்குள்ளும் ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல் துடிக்கிறது, அது சொல்கிற வேகத்தில்தான் சாம்பிள்கள் எடுக்கப்படுகின்றன. இரண்டு பெட்டியிலும் 48,000 என்று எழுதியிருக்கும், ஆனால் எந்த இரண்டு கிரிஸ்டலும் சரியாக ஒரே வேகத்தில் துடிக்காது. பத்து லட்சத்தில் இருபது பங்கு வித்தியாசம் என்பது மிகச் சாதாரணம். அப்படியென்றால் நொடிக்கு ஏறக்குறைய ஒரு சாம்பிள் கூடும் அல்லது குறையும். வாங்கும் பெட்டி வந்ததைத் தற்காலிகமாக வைத்திருக்கும் பஃபரைத் தண்ணீர்த் தொட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள், குழாயில் வருவதும் கீழே போவதும் ஏறத்தாழ ஒரே அளவு, ஆனால் வருவது ஒரு சொட்டு அதிகம். 48 சாம்பிள் பிடிக்கிற தொட்டி பாதி நிறைந்த நிலையில் ஆரம்பித்தால் அரை நிமிடத்துக்குள் வழிந்துவிடும், அந்த வழிதல்தான் உங்கள் காதில் 'டிக்' என்று விழுகிறது. பழைய ஸ்டுடியோக்களில் இதைத் தடுக்க வேர்டு கிளாக் என்று தனியாக ஒரு கோஆக்சியல் கேபிளைப் பெட்டிக்குப் பெட்டி இழுத்தார்கள். நெட்வொர்க்கில் அப்படித் தனிக் கம்பி கிடையாது. பாக்கெட்டுகளோ நேரத்துக்கு வரும் என்று எந்த உத்தரவாதமும் தராதவை, ஒன்று சீக்கிரம் வரும், இன்னொன்று வழியில் நின்றுவிட்டு வரும். இப்படிப்பட்ட பாக்கெட்டை வைத்தே கிளாக்கையும் அனுப்ப வேண்டும்.

அதைச் செய்வது பிடிபி, ஐட்ரிபிள்ஈ 1588 என்ற தரம். யோசனை அழகானது. நெட்வொர்க்கில் உள்ள பெட்டிகள் தங்களுக்குள் ஒன்றைத் தலைவராகத் தேர்ந்துகொள்கின்றன. யாரும் ஓட்டுப் போட வேண்டாம், எது நல்ல கிளாக் என்று ஒவ்வொன்றும் தன் தகுதியை அறிவிக்கும், அதிகத் தகுதி உள்ளது ஜெயிக்கும். தலைவர் 'இதை நான் அனுப்பிய நேரம் இது' என்று அடிக்கடி அறிவிக்கிறார். மற்றவை அதைப் பெற்ற நேரத்தைக் குறித்துக்கொள்கின்றன. ஆனால் வழியில் எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியாமல் இது பயன்படாது, அதனால் ஒவ்வொரு பெட்டியும் திரும்ப ஒரு செய்தியை அனுப்புகிறது, தலைவர் அது வந்து சேர்ந்த நேரத்தைப் பதிலாகச் சொல்கிறார். இப்போது கையில் நான்கு நேரங்கள். போக ஆன நேரமும் வர ஆன நேரமும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டால் வழித்தாமதத்தைக் கழித்துத் தன் கடிகாரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம். ஒரு கட்டடத்துக்குள் ஒழுங்கான ஸ்விட்சுகளோடு இருந்தால் ஒரு மைக்ரோசெகண்டுக்கும் குறைவான துல்லியம் கிடைக்கும்; 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு சாம்பிளின் நீளமே 20.8 மைக்ரோசெகண்ட், ஆக இது தாராளம்.

அந்த 'போக ஆனதும் வர ஆனதும் ஒன்றுதான்' என்ற அனுமானம் உடையும் இடங்களில்தான் நெட்வொர்க் ஆடியோவும் உடைகிறது. ஒரு திசையில் மட்டும் யாரோ பெரிய ஃபைலை காப்பி செய்துகொண்டிருந்தால் கிளாக் செய்தி அந்த வரிசையின் பின்னால் நிற்கும். வைஃபையில் இது கொஞ்ச நஞ்சமில்லை, போவதும் வருவதும் ஒவ்வொரு முறையும் வேறு வேறு. அதனால்தான் இந்த முறைகளில் ஆடியோவை வைஃபையில் அனுப்பக் கூடாது. கட்டுப்பாட்டு சாஃப்ட்வேரை லேப்டாப்பிலிருந்து வைஃபை வழியாக இயக்குவது வேறு விஷயம், அதில் தாமதம் யாருக்கும் கேட்காது. மின்சாரம் சேமிக்கும் ஸ்விட்சுகள் இன்னொரு வில்லன். டிராஃபிக் குறைவாக இருக்கும்போது போர்ட்டைத் தூங்கவைத்து, பாக்கெட் வந்ததும் எழுப்பும் வசதி அது, 802.3ஏஇஸட் என்பது அதன் பெயர். எழ ஆகும் சில மைக்ரோசெகண்ட் வெப்சைட் பார்ப்பவருக்குத் தெரியாது, கிளாக்குக்குத் தெரியும். ஸ்விட்ச் வாங்கும்போது அந்த வசதியை அணைக்க முடிகிறதா என்று பார்த்து வாங்குங்கள். அணைக்க முடியாத மலிவான ஸ்விட்ச் ஆடியோவுக்கு வேண்டாம்.

100 மெகாபிட் போதுமே, எதற்கு கிகாபிட் என்று கேட்பவர்கள் உண்டு. சேனல் கணக்குப்படி அவர்கள் சொல்வது பல சமயம் சரிதான். ஆனால் 1,500 பைட் உள்ள ஒரு ஃபைல் பாக்கெட் 100 மெகாபிட் போர்ட்டிலிருந்து வெளியேற 120 மைக்ரோசெகண்ட் ஆகும், அதன் பின்னால் மாட்டிய ஆடியோ பாக்கெட் ஆறு சாம்பிள் நேரம் காத்திருக்க வேண்டும். கிகாபிட்டில் அது 12 மைக்ரோசெகண்ட், ஒரு சாம்பிளைவிடக் குறைவு. முன்னுரிமை கொடுக்கும் க்யூஓஎஸ் செட்டிங்கை எவ்வளவு நன்றாகச் செய்தாலும் ஏற்கெனவே வெளியேற ஆரம்பித்துவிட்ட பாக்கெட்டைச் சாதாரண ஸ்விட்ச் பாதியில் நிறுத்தாது, அதனால் இந்த வேகம் அவசியம். க்யூஓஎஸ்ஸும் வேண்டும், குறிப்பாக ஆடியோவும் ஃபைலும் ஒரே ஸ்விட்சைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில். ஆடியோவுக்கென்று தனி ஸ்விட்ச், அதில் வேறு எதுவும் இல்லை என்றால் பாதிக் கவலை போய்விடும், என்னைக் கேட்டால் சின்ன ஸ்டுடியோவுக்கு அதுவே சரி.

தாமதத்தைப் பற்றிப் பயமுறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள், பயமே வேண்டாம் என்பவர்களும் இருக்கிறார்கள். டான்டேயில் 0.25 மில்லிசெகண்டிலிருந்து 5 வரை தேர்ந்துகொள்ளலாம், வழக்கமாக 1-ல் வைத்திருப்பார்கள். ஒரு மில்லிசெகண்டில் ஒலி காற்றில் 34 சென்டிமீட்டர்தான் நகரும், ஸ்பீக்கரிலிருந்து ஒரு கை தள்ளி உட்கார்ந்தால் அதைவிட அதிகத் தாமதம். தாமதம் சேர்வது வேறு இடத்தில்: மைக்கிலிருந்து டிஜிட்டலாக மாறும்போது கொஞ்சம், நெட்வொர்க்கில் ஒன்று, கம்ப்யூட்டரின் 128 சாம்பிள் பஃபரில் உள்ளே வர 2.67, வெளியே போக 2.67, திரும்ப நெட்வொர்க்கில் ஒன்று, அனலாகாக மாற இன்னும் கொஞ்சம். கம்ப்யூட்டரில் தனி கார்டு இல்லாமல் டான்டேயின் சாஃப்ட்வேர் சவுண்ட்கார்டைப் போட்டிருந்தால் அதற்கே 4, 6, 10 மில்லிசெகண்ட் என்றுதான் தேர்வு. பின்னணி ரெக்கார்டிங்குக்கு இது பரவாயில்லை, பாடுகிறவர் தன் குரலைத் தானே கேட்க இது ஆகாது. தன் எலும்பு வழியாக உடனே கேட்கும் குரலும் ஹெட்ஃபோனில் தாமதமாக வரும் குரலும் மோதி, குரல் குடத்துக்குள் பாடுவதுபோல் ஆகிவிடும். ஆகவே பாடுகிறவர் கேட்கும் மானிட்டர் சிக்னலைக் கம்ப்யூட்டருக்குள் அனுப்பாமல், மைக் சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்பிலிருந்து நேராக ஹெட்ஃபோன் மிக்ஸருக்கு நெட்வொர்க்கிலேயே ரூட் செய்துவிடுவது நல்லது. ஒரே மைக் இரண்டு இடத்துக்குப் போவதில் இங்கே எந்தச் செலவும் இல்லை. அனலாகில் இதற்கு ஸ்ப்ளிட்டர் டிரான்ஸ்ஃபார்மர் தேட வேண்டியிருந்தது.

ரூட்டிங் என்ற வேலையே இங்கே தலைகீழாகிவிட்டது. பழைய பேட்ச்பேயில் அனுப்பும் ஓட்டையிலிருந்து வாங்கும் ஓட்டைக்கு ஒரு கயிறு போடுவோம், கண்ணால் பார்த்தாலே எது எங்கே போகிறது என்று தெரியும். நெட்வொர்க்கில் வாங்கும் பெட்டிதான் 'எனக்கு அந்தப் பெட்டியின் அந்தச் சேனல் வேண்டும்' என்று கேட்கிறது, சப்ஸ்கிரைப் செய்வது என்கிறார்கள். டான்டேயில் இந்தக் கேள்வி பெட்டியின் பெயரையும் சேனலின் பெயரையும் வைத்துத்தான், ஐபி முகவரியை வைத்து இல்லை. இதனால் ஒரு ஸ்டேஜ் பாக்ஸ் கெட்டுப்போனால் அதே மாதிரி இன்னொன்றை வைத்து அதே பெயரைச் சூட்டிவிட்டால் எல்லா இணைப்பும் தானாகத் திரும்பி வந்துவிடும். இதன் மறுபக்கம்: 'மைக் 3' என்பதை யாராவது அழகுக்காக 'லீட் வோக்கல்' என்று பெட்டியிலேயே மாற்றினால், பழைய பெயரை வைத்துக் கேட்கும் மற்ற பெட்டிகளின் இணைப்பு அறுந்துபோகலாம். பெயர்களை முதல் நாளே யோசித்து வைத்துவிட்டு, பாட்டுக்குப் பாட்டு மாறும் பெயர்களை ரெக்கார்டிங் சாஃப்ட்வேரில் மட்டும் எழுதுவது புத்திசாலித்தனம்.

வாங்குகிறவர்கள் அதிகமானால் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி அனுப்புவதைவிட மல்டிகாஸ்டில் ஒரே பிரதியை அனுப்பி ஸ்விட்சே பிரித்துக் கொடுக்கச் செய்யலாம். இதற்கு ஸ்விட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் வேண்டும், கேட்பவர் இருக்கும் போர்ட்டுக்கு மட்டும் அனுப்பும் வசதி அது; யாருக்கு வேண்டும் என்று அவ்வப்போது விசாரிக்கும் ஒரு குவெரியரும் நெட்வொர்க்கில் எங்காவது இருக்க வேண்டும். ஸ்னூப்பிங்கை மட்டும் போட்டுவிட்டு குவெரியரை மறந்தால் எல்லாம் சில நிமிடம் நன்றாக ஓடும், அப்புறம் திடீரென்று மௌனம். சவுண்ட் செக்கில் வந்தது, டேக் எடுக்கும்போது நின்றுவிட்டது என்ற வகைப் புகார் பெரும்பாலும் இதுதான்.

ஒன்றுக்கொன்று பேசாத முறைகள் என்று சொன்னேன் இல்லையா, அதற்காகத்தான் 2013-ல் ஏஇஎஸ்67 வெளிவந்தது. இது புதிதாக ஒரு முறை என்பதைவிட, எல்லோரும் குறைந்தபட்சம் இதைப் பேசுங்கள் என்ற உடன்பாடு: 48 கிலோஹெர்ட்ஸ், 1 மில்லிசெகண்ட் பாக்கெட், 8 சேனல் வரை ஒரு ஸ்ட்ரீம், கிளாக்குக்கு பிடிபியின் இரண்டாம் பதிப்பு. டிவி உலகின் எஸ்எம்பிடிஈ 2110-30 தரமும் 2017-ல் இதன் மேலேயே எழுந்தது. காகிதத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது போலிருக்கும். ஆனால் டான்டே பிறந்தது பிடிபியின் முதல் பதிப்பில், இரண்டும் நேராகப் பேசிக்கொள்ளாது, அதனால் ஏஇஎஸ்67 வசதியைப் போட்ட ஒரு டான்டே பெட்டி நடுவில் மொழிபெயர்ப்பாளராக நிற்க வேண்டும். முன்னுரிமை எண்களிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது: டான்டேயில் 46 என்ற முத்திரை ஆடியோவுக்கு, கிளாக்குக்கு 56; ஏஇஎஸ்67-ல் அதே 46 கிளாக்குக்கு, ஆடியோவுக்கு 34. இரண்டையும் ஒரே ஸ்விட்சில் ஓட்டினால் ஒருவருடைய ஆடியோவும் இன்னொருவருடைய கிளாக்கும் ஒரே வரிசையில் நிற்கும். சின்ன அமைப்பில் இது தெரியாது, பெரிய இடத்தில் யாராவது உட்கார்ந்து யோசிக்க வேண்டும். இணைப்பைக் கண்டுபிடித்துப் பட்டியல் போடுவதையும் ஏஇஎஸ்67 வரையறுக்கவில்லை, அதனால் டான்டே மாதிரி இரண்டு கிளிக்கில் எல்லாம் முடியாது. ஏவிபி இதிலெல்லாம் வேறு ஜாதி. பாதையில் இடத்தை முன்கூட்டியே ஒதுக்கி, ஏழு ஸ்விட்ச் தாண்டியும் 2 மில்லிசெகண்டுக்குள் சேர்ப்பேன் என்று உறுதி கொடுக்கிறது, பதிலுக்கு அதைப் புரிந்துகொள்ளும் ஸ்விட்சுகளையே வாங்கச் சொல்கிறது.

பாதுகாப்புக்கு இரட்டை நெட்வொர்க் வைப்பவர்கள் பிரைமரி, செகண்டரி என்று இரண்டு தனித்தனி ஸ்விட்ச் வைத்து, ஒரே ஆடியோவை இரண்டிலும் அனுப்புகிறார்கள். ஒன்று செத்தாலும் சத்தத்தில் ஒரு சின்னத் துண்டுகூட விழாது. பின்பக்கம் இரண்டு போர்ட் இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே ஸ்விட்சில் செருகுவது வேறு கதை. பெட்டி அந்த நேரத்தில் சாதாரண ஸ்விட்ச் முறையில் இருந்தால் பாக்கெட்டுகள் வட்டமடிக்க ஆரம்பித்து, சில நொடியில் மொத்த நெட்வொர்க்கும் மூச்சுத் திணறும்.

கோளாறு வந்தால் காதையே முதலில் நம்பலாம், ஒவ்வொரு கோளாறுக்கும் ஒரு சத்தம் உண்டு. ஒரே இடைவெளியில் டிக், டிக் என்று வந்தால் கிளாக். பெரும்பாலும் டிஜிட்டல் மிக்ஸர் தன் சொந்த கிளாக்கில் ஓடிக்கொண்டிருக்கும், அதில் செருகிய நெட்வொர்க் கார்டு நெட்வொர்க் கிளாக்கில் ஓடிக்கொண்டிருக்கும், யார் யாரைப் பின்பற்ற வேண்டும் என்று மிக்ஸரின் மெனுவில் சொல்லவில்லை. ஒழுங்கில்லாமல் அங்கங்கே சத்தம் அறுந்தால் பாக்கெட் தாமதமாக வருகிறது, ஸ்விட்சையும் அதில் வேறு என்ன ஓடுகிறது என்பதையும் பாருங்கள், அவசரத்துக்கு லேட்டன்சி என்ற தாமத அளவை ஒரு படி ஏற்றினாலே அறுபடுவது நின்றுவிடும். ஒரு சேனல்கூட வராமல் முழு மௌனம் என்றால் சாம்பிள் ரேட். ஒரு பெட்டி 44.1-லும் இன்னொன்று 48-லும் இருந்தால் இணைப்பே ஏற்படாது. சத்தம் வருகிறது, அறுபடவில்லை, ஆனால் மெலிந்து, உள்ளே ஒன்றுமில்லாத கூடுபோலக் கேட்கிறது என்றால் ஒரே மைக் இரண்டு பாதையில், அதாவது நேராக ஒரு முறையும் கம்ப்யூட்டர் வழியாக இன்னொரு முறையும், வந்து சேர்கிறது. அந்த நேரத்தில் ஸ்விட்சைத் தொடவே வேண்டாம், மிக்ஸரில் ஒரு பாதையை மியூட் செய்தால் போதும்.